கூப்பிட்டதற்கு இரண்டு புள்ளி

பிள்ளைகளின் மனப்பாங்கை எப்படி அளப்பது என்று யாராவது என்னிடம் கேட்டால் இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. முன்பு அப்படியில்லை. கேட்டவரை இருத்திவைத்து ஒரு மணித்தியாலம் விடாமல் பேசியிருப்பேன். அந்த வாய்க்காகத்தான் என்னை ஆசிரிய ஆலோசகராக எடுத்தார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றற் பேறு எழுதப் பழக்குவது என் வேலை. பாடம் முடியும்போது பிள்ளையிடம் என்ன வந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வசனம், அதுதான் கற்றற் பேறு. அறிவுக்கு எழுதுவது லேசு. ‘வாவியில் வாழும் மீன்கள் ஐந்தைப் பெயரிடுவார்’ என்று எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். இரக்கத்துக்கும் நேர்மைக்கும் எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும்.

கடந்த வருடம் தன்னாமுனைப் பக்கம் ஒரு மண்டபத்தில் எங்களை மூன்று நாள் இருத்திவைத்தார்கள். எட்டாம் தரத்துக்குப் புதிய குடியுரிமைக் கல்வி வழிகாட்டி எழுத வேண்டும். மேசைக்கு ஐந்து பேர், ஆளுக்கொரு மார்க்கர் பேனை, நடுவில் விரித்த பெரிய டிமை தாள். எங்கள் மேசைக்கு விழுந்தது மனப்பாங்கும் விழுமியமும். ஒருவரும் விரும்பாத பகுதி. நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில் மற்ற நால்வரும் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்கள்.

அவர்களில் ஒருத்தி நியமனம் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகாதவள். அவள் மட்டும் வேலை செய்தாள். அரை மணித்தியாலத்தில் தாளை நிரப்பிவிட்டு எழுந்து நின்று வாசித்தாள்.

“ஆபத்தில் இருப்பவருக்குத் தயங்காது தானே முன்வந்து உதவுவார். எப்பிடி மிஸ்?”

கடித்த றோல்ஸை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். “ஆர் எழுதினது இது?”

“ஐயோ, நீங்கதான் மிஸ்! எங்கட பள்ளிக்கூடத்தில உங்கட பழைய வழிகாட்டி போட்டோக் கொப்பி கிடக்கு. அதில இருந்து எடுத்தநான். நல்ல வசனம் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க.”

பாராட்டுகிறாளாம். ஒன்பது வருடமாக அந்த வசனத்தை நான் வாயால் சொன்னதில்லை. ஆனால் நான் என் பாட்டுக்கு இருக்க, அது தன் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. எத்தனை பிள்ளைகளுக்கு அதை வைத்துப் புள்ளி போட்டிருப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அதை நான் எங்கள் கல்வி வலயத்துக்காக எழுதியபோது படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வாவிக்கு மேற்குப் பக்கத்தை எங்கள் ஆட்கள் படுவான்கரை என்போம். என் வீடு கிழக்குப் பக்கம், எழுவான்கரையில். நடுவில் வாவி. காலையிலும் பின்னேரத்திலும் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் ரோட்டு அல்ல. இரண்டு தோணிகளுக்கு மேல் பலகை அடித்து, எஞ்சின் பூட்டி, மோட்டார் சைக்கிளும் ஆளும் ஏறுகிற மிதவை. அதை ஓட்டுகிறவர் பெரும்பாலும் அக்கரையில் தேத்தண்ணிக் கடையில்தான் இருப்பார். இக்கரையில் நிற்கிறவர் கூவ வேண்டும். கூவினால் அவர் எழும்பி வருவார். கூவாவிட்டால் நிற்க வேண்டியதுதான்.

எனக்குத் தொண்டை போதாது. நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளோடு கத்தினால் பின்னேரம் காற்றுத்தான் வரும். எனக்காகக் கூவுவது எட்டாம் தரத்தில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. வரவு இடாப்பில் பதினேழாம் இலக்கம். அவளுடைய வீடு துறைக்குப் பக்கத்தில். வகுப்பில் கேள்வி கேட்டால் அவள் வாய்க்குள் கொழுக்கட்டை. துறைக்கு வந்தால் இரண்டு கையையும் வாயில் குவித்து ஒரு கூவல் கூவுவாள், அக்கரைக் கொக்குகள் எழும்பும். “டீச்சருக்கு நான் ஆள் கூப்பிட்டுத் தாறன்” என்பாள். அவளுக்கு அதில் ஒரு பெருமை.

தவணை முடிவில் எல்லா ஆசிரியர்களும் ஒரு வேலை செய்வோம். பாடப் புள்ளியோடு மனப்பாங்குக்கும் புள்ளி போட வேண்டும். நேர்மை, ஒத்துழைப்பு, பிறருக்கு உதவுதல் என்று நிரல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நாலு வரை. ஆசிரியர் அறையில் இருந்து கதைத்துக்கொண்டே மேலிருந்து கீழே மூன்று, மூன்று, நாலு, மூன்று என்று இறக்குவார்கள். நாற்பது பிள்ளையின் நேர்மை ஒரு கிளாஸ் வெறுந்தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். எனக்கு அதைக் கண்டால் கோபம் மூக்குக்கு மேல் வரும். “பிள்ளையின்ட முகத்தையாவது ஒருக்கா நினைச்சுப் போடுங்க” என்று சண்டை பிடித்திருக்கிறேன். நான் மட்டும் ஒரு கொப்பி வைத்திருந்தேன். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கண்ணால் கண்டதை அன்றன்றே எழுதி, அதைப் பார்த்துத்தான் புள்ளி போடுவேன். எவ்வளவு நல்ல டீச்சர் பாருங்கள்.

அந்தத் தவணையில் என் கொப்பிக்கு நல்ல சம்பவம் ஒன்று கிடைத்தது. காலையில் பாதை கரை தட்டும்போது ஆறாம் தரச் சின்னவன் ஒருவன் சறுக்கித் தண்ணீரில் விழுந்தான். அவன் நெஞ்சளவு தண்ணீர். துறையில் நின்ற என் வகுப்புப் பொடியன்கள் மூன்று பேர் சப்பாத்தோடு குதித்தார்கள். பதினேழாம் இலக்கம் குதிக்கவில்லை. நின்ற இடத்தில் நின்று, “ஓடி வாங்க! ஓடி வாங்க!” என்று ஊரே கேட்கக் கூவினாள். பாதைக்காரர் ஒரே எட்டில் வந்து சின்னவனைச் சேர்ட்டில் பிடித்துத் தூக்கிக் கரையில் விட்டார். எல்லாம் இரண்டு நிமிடம். பிறகு, நெஞ்சளவு தண்ணீருக்கா இந்தக் கத்து என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தவணை முடிவில் கொப்பியை என் வசனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். குதித்த மூவருக்கும் நாலு. அவளுக்கு இரண்டு. தேர்ச்சி அறிக்கையில் குறிப்பு எழுதும் இடத்தில், ‘பிறருக்கு உதவத் தயங்குகிறார். இன்னும் முன்வர வேண்டும்’ என்று என் மணிமணியான கையெழுத்தில் எழுதினேன்.

அறிக்கை கொடுத்த அன்று எல்லோரும் போன பிறகு அவள் மேசைக்கு வந்தாள்.

“டீச்சர், நான் ஆளைக் கூப்பிட்டநான் தானே?”

நான் மற்ற அறிக்கைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கூப்பிடுறது வேற புள்ள, உதவுறது வேற” என்றேன்.

“ஓம் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று பின்னேரம் துறையில் அவளைக் காணவில்லை. நானே கூவிப் பார்த்தேன். பாதைக்காரர் வர வெகு நேரம் சென்றது.

பத்து நாள் கழித்து, விடுமுறையில், பட்டப்பகலில் அது நடந்தது. அவளுடைய அயல் வீட்டுக் குழந்தை, மூன்று வயதுப் பெண் பிள்ளை, கரையில் விளையாடிக்கொண்டிருந்தது தண்ணீருக்குள் போய்விட்டது. அந்த இடம் ஆழம். மண் அள்ளிய கிடங்கு. இவள் கண்டு இறங்கியிருக்கிறாள். குழந்தையைக் கரையோரக் கண்ணா மரத்து வேரில் தள்ளி ஏற்றிவிட்டாள். இவள் ஏறவில்லை. நீந்தத் தெரியாது அவளுக்கு.

செத்த வீட்டில் பெண்களுக்கு நடுவில் நானும் இருந்தேன். அது நடந்த நேரம் கரையில் இறால் கிள்ளுகிற கொட்டிலில் ஆறேழு பெண்கள் இருந்திருக்கிறார்கள். கூப்பிடு தூரம்கூட இல்லை, அதில் பாதி. அவர்களில் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். “சின்னன் அழுத சத்தத்துக்குத்தான்கா ஓடி வந்தம். இவள் ஒரு சத்தம் போட்டிருந்தா வந்திருப்பமே! ஊருக்கே கேக்கக் கூவுற புள்ள, ஏன்கா சத்தம் போடல்ல? ஏன்கா?”

அவள் ஏன் சத்தம் போடவில்லை என்று அந்த வீட்டில் இருந்த ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆள் வெள்ளைச் சேலையின் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது.

பள்ளிக்கூடம் தொடங்கியதும் அதிபர் அவளுடைய படத்தைப் பெரிதாக்கிப் பதாகை அடித்து வாசலில் கட்டினார். படத்துக்குக் கீழே என்ன போடலாம் என்று யோசித்து, என் வழிகாட்டியைப் புரட்டி, அந்த வசனத்தையே போட்டார். ஆபத்தில் இருப்பவருக்குத் தயங்காது தானே முன்வந்து உதவுவார். “உங்கட கற்றற் பேறு நிறைவேறினது மிஸ்” என்று கண்கலங்கச் சொன்னார். நல்ல மனிதர். என் கொப்பியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

இடாப்புக் கூப்பிடும்போது எங்கள் வகுப்பில் பிள்ளைகளே வரிசையாக இலக்கம் சொல்வது வழக்கம். அந்தத் தவணை முழுக்கப் பதினாறு சொன்னவுடன் வகுப்பு நிற்கும். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு பதினெட்டு. நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் வெளியே பாதையின் எஞ்சின் சத்தம் கேட்கும், அல்லது ஒன்றுமே கேட்காது. ஒன்றும் கேட்காத நாட்கள்தான் எனக்குப் பொல்லாத நாட்கள். சிவப்பு மையால் அவளுடைய பெயரின் மேல் கோடு இழுக்க வேண்டும். அதை அலுவலக எழுதுவினைஞரைக் கொண்டு செய்வித்தேன்.

ஆலோசகர் பதவிக்கு விண்ணப்பம் கேட்டபோது முதல் ஆளாகப் போட்டேன். அதன் பிறகு அந்தத் துறையால் நான் போனதில்லை. படுவான்கரையில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவதானாலும், பழுகாமத்துக்குப் போவதானாலும், பாலத்தால் சுற்றித்தான் போவேன். அரை மணித்தியாலம் கூடுதல். “மிஸ்ஸுக்குத் தண்ணிப் பயம்” என்று சாரதி பகிடி பண்ணுவான். தண்ணீருக்கு நான் பயப்படவில்லை. தண்ணீர்க் கரையில் பிள்ளைகள் சத்தமில்லாமல் விளையாடுவதைக் கண்டால்தான் நெஞ்சு பக்கென்றுவிடும். வாகனத்தை நிறுத்தி இறங்கி, “என்ன புள்ளைகள் பேசாம நிக்கிறீங்க, சத்தம் போடுங்க!” என்று கத்தியிருக்கிறேன். அவை என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கும்.

அந்த வசனம்தான் இப்போது டிமை தாளில் பச்சை மையில் எழுதப்பட்டு என் முன்னால் கிடந்தது. நான் மார்க்கரை எடுத்து அதை வெட்டினேன். புதிய ஆசிரியை பதறிப்போனாள். கீழே நானே எழுதினேன்: ‘ஆபத்தைக் கண்டவுடன் உரத்துக் கூவி ஆட்களை அழைப்பார். தான் தனியே இறங்கமாட்டார்.’

மாகாணத்திலிருந்து வந்த அதிகாரி மேசைக்கு மேசை பார்த்துக்கொண்டு வந்தவர் எங்கள் தாளில் நின்றார்.

“இதில எங்க மிஸ் தைரியம்? எங்க இரக்கம்? ஆளைக் கூப்பிடுறதெல்லாம் ஒரு மனப்பாங்கா? இது பாதுகாப்பு அறிவுறுத்தல். சுகாதாரப் பாடத்தில போடலாம். முதல் எழுதினதுதான் அருமையான வசனம். அதை ஏன் வெட்டினீங்க?”

“அதைப் போடக் கூடாது சேர்.”

“காரணம்?”

“அது பிள்ளைகளைக் கொல்லும்” என்றேன். மண்டபத்தில் இரண்டு மேசை திரும்பிப் பார்த்தது. அவர் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

“மிஸ், கோபப்படாதீங்க. ஒம்பது வருஷம் பாவிச்ச வசனத்தை மாத்துறதெண்டா வாய்ப்பேச்சுக் காணாது. நாளைக்கு முடிவு நாள். கையில ஏதாவது ஆதாரம் இருந்தாக் கொண்டு வாங்க. இல்லாட்டி பழையதுதான் போகும்.”

ஆதாரம் ஒன்று இருந்தது. என் மணிமணியான கையெழுத்தில் எழுதிய அந்தத் தேர்ச்சி அறிக்கை. அது இருக்குமானால் அவளுடைய தாயிடம்தான் இருக்கும். அதைக் கேட்கப் போனால் எதற்கு என்று தாய் கேட்பா. அவ கேட்டால் நான் சொல்ல வேண்டும்.

அன்று மதியச் சாப்பாட்டுப் பார்சலைத் திறக்காமலே வெளிக்கிட்டேன். பாலத்தால் சுற்றினால் மனம் மாறிவிடும் என்று தெரியும். துறைக்கே போனேன். பாதைக்காரர் வேறு ஆள். வாவி சும்மா கிடந்தது, பளபளவென்று. கடக்கும் பத்து நிமிடமும் எஞ்சினையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அவளுடைய வீட்டு வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். கயிற்றில் பத்துப் பதினைந்து பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. ஆளில்லாமல் சட்டை மட்டும் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. தாய் இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறா. இயந்திரத்தை நிறுத்தி என்னைப் பார்த்தா.

“ஆரது? டீச்சரா? வாங்க. நல்லா மெலிஞ்சிட்டீங்க.”

கதிரையில் கிடந்த துணியை அள்ளிவிட்டு இருக்கச் சொன்னா. நான் சுகம் விசாரிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. “தங்கச்சி, அவளின்ட கடைசித் தேர்ச்சி அறிக்கை கிடக்கா?” என்று கேட்டேன்.

அவவின் முகம் மாறியது. “அது என்னத்துக்கு டீச்சர் உங்களுக்கு?”

“ஒரு அலுவலுக்கு.”

உள்ளே போய் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டு வந்தா. பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், அவற்றுக்குக் கீழே பொலித்தீன் உறையில் அந்த அறிக்கை. என்னிடம் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் கையை வைத்தா.

“எரிப்பம் எண்டு எத்தின தரம் எடுத்தநான். கை வரல்ல. நீங்க எண்டைக்காவது இதைக் கேட்டு வருவீங்க எண்டு எனக்குப் பயம் டீச்சர்.”

“நீ ஏன் பயப்படோணும்?”

“அண்டைக்கு இதைக் கொண்டு வந்து நீட்டினாள். எல்லாத்துக்கும் மூணு, நாலு. ஒண்டுக்கு மட்டும் ரெண்டு. நான் ஏசிப்போட்டன். ‘மத்தப் புள்ளைகள் எறங்கக்க நீ மரம் மாதிரி நிண்டு கத்தினா ஆர் புள்ளி போடுவாங்க’ எண்டு. இந்த வாயாலதான் சொன்ன. மறுகா பத்து நாள்தான் டீச்சர் அவள் இருந்தாள். ஏன் சத்தம் போடல்ல எண்டு ஊரெல்லாம் கேட்டுது. எனக்குத் தெரியும் ஏன் எண்டு. நான்தான் அவள்ட வாயை அடைச்ச.”

அவ அழவில்லை. அழுது முடித்து நெடுநாள் ஆன ஆள் பேசுவது போலப் பேசினா. எனக்கு அந்தக் கணம் எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ‘இல்லை தங்கச்சி, அது விதி’ என்று ஒரு பொய்யைச் சொல்லி அவவையும் என்னையும் ஆற்றிவிட்டுப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

“நீ இல்ல” என்றேன். “அவள் உன்னட்ட வர முதல் என்னட்ட வந்தவள். நான் ஆளைக் கூப்பிட்டநான் தானே டீச்சர் எண்டு கேட்டவள். கூப்பிடுறது வேற, உதவுறது வேற எண்டு நான்தான் சொன்னன். முகத்தைக்கூடப் பாக்காமச் சொன்னன்.”

வெளியே பாதையின் எஞ்சின் நின்றது. சட்டைகள் அசைந்தன. அவ என்னைப் பார்த்தா.

“எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?”

“செத்த வீட்டிலயே தெரியும்.”

“ஒம்பது வருஷமா நான்தான் எண்டு நினைச்சிட்டுக் கிடக்கன் டீச்சர். அவள்ட அப்பா கேட்டும் சொல்லல்ல. கோயில்லகூட வாய் திறக்கல்ல. ஒருக்கா வந்து சொல்லியிருக்கலாமே நீங்க.” உறையிலிருந்து அறிக்கையை எடுத்தா. என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தா. “தயங்குறாள் எண்டு எழுதியிருக்கீங்க. தயங்கினது ஆரு டீச்சர்?”

கன்னத்தில் அறைந்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், மெல்லிய கழுத்து. நான் கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன், ஆனால் சத்தம் வரவில்லை.

“பயப்படாதீங்க, இவள் பக்கத்து வீட்டுப் புள்ள” என்றா தாய். “அண்டைக்கு வேரில ஏத்திவிட்டது இவளத்தான். சட்டை அளவு பாக்க வந்திரிக்காள்.”

மூன்று வயதுக் குழந்தைக்கு இப்போது பன்னிரண்டு. கையை விரித்துக்கொண்டு நின்றாள். தாய் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு முழங்காலில் இருந்து விளிம்பை மடித்து ஒவ்வொன்றாகக் குத்தினா. எனக்கு முதுகு காட்டியபடி, ஊசி இடுக்கால் கேட்டா.

“இவள் வாற வருஷம் எட்டாம் ஆண்டு. இவளுக்கும் அந்த வசனத்துக்குத்தானா புள்ளி போடப் போறீங்க?”

“அதை மாத்தத்தான் வந்தநான். அறிக்கையைக் காட்டினாத்தான் மாத்துவாங்க.”

அவ கடைசி ஊசியைக் குத்தி முடித்து, எழுந்து, அறிக்கையை உறையில் போட்டு என் கையில் தந்தா. “கொண்டு போங்க. நீங்க செஞ்சதை நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. மறுகா எனக்கு இது திரும்பி வரணும்.”

அடுத்த நாள் மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் வாசித்தேன். இரண்டு புள்ளியையும் குறிப்பையும் வாசித்தேன். அவள் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். நடுவில் இரண்டு தரம் நின்றேன். அதிகாரி, “அந்தப் பிள்ளை இப்ப...” என்று தொடங்கினார். அவளுடைய நினைவுப் பதாகையில் இருந்த வசனத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். புதிய ஆசிரியை பச்சை மார்க்கரை எடுத்து, யாரும் சொல்லாமலே, நான் முந்தின நாள் வெட்டியதை இன்னொரு தரம் வெட்டினாள். என் புதிய வசனம் வழிகாட்டிக்குள் போனது. பாதுகாப்பு என்ற தலைப்பில் அல்ல, விழுமியம் என்ற தலைப்பிலேயே.

அன்று பின்னேரமே திரும்பவும் படுவான்கரை. தட்டச்சு அடித்த தாளைத் தாயிடம் கொடுத்தேன். அவ எழுத்துக் கூட்டுகிற ஆள் மாதிரி மெதுவாக, சத்தமாக வாசித்தா. “ஆபத்தைக் கண்டவுடன் உரத்துக் கூவி ஆட்களை அழைப்பார்.” தலையை ஆட்டினா. “கூப்பிட்டா எத்தின புள்ளி?”

“நாலு.”

தையல் மேசை இலாச்சியிலிருந்து ஒரு பேனையை எடுத்து அறிக்கையோடு என் முன் வைத்தா. “அப்ப போடுங்க.”

பள்ளிக்கூடக் கடதாசியில் வெட்டித் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். இரண்டை வெட்டி நாலு போட்டு, ஒப்பம் வைத்து, அன்றைய திகதி இட்டேன். நாலு கோணலாக வந்தது. தயங்குகிறார் என்ற குறிப்பை வெட்டிவிட்டு, ‘சரியானதைச் செய்தார். ஆசிரியர் தவறாக மதிப்பிட்டார்’ என்று எழுதினேன். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் பழைய கையெழுத்துக்குக் கீழே அவ இன்னொரு தரம் ஒப்பமிட்டா. மை காயும்வரை ஊதிவிட்டு டின்னுக்குள் வைத்து மூடினா.

நான் எழுந்தேன். ‘போயிட்டு வாங்க’ என்று அவ சொல்லவில்லை. இயந்திரத்துக்குப் போய் இருந்துகொண்டா. நான் வாசலைத் தாண்டிய பிறகுதான் சில்லுச் சுற்றும் சத்தம் கேட்டது.

துறையில் பாதை இல்லை, அக்கரையில் கட்டிக் கிடந்தது. தேத்தண்ணிக் கடைக்குள் ஆள் இருப்பது மங்கலாகத் தெரிந்தது. கூவ வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வீட்டுச் சட்டையோடு.

“நில்லுங்க டீச்சர்” என்றாள். “நான் கூப்பிட்டுத் தாறன்.”

தண்ணீர் விளிம்புக்குப் போனாள். கால் நனையவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து, மூச்சை இழுத்து, “ஓடி வாங்க!” என்று கூவினாள். அது வாவிக்கு மேலால் போய் அக்கரையில் தட்டித் திரும்பி வந்தது. என் முகம் நனைந்துவிட்டது, துடைக்கத் தோன்றவில்லை. அவள் திரும்பிப் பார்த்து, எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு தரம் கூவினாள்.

அக்கரையில் ஆள் எழும்பி வந்துகொண்டிருந்தார்.